அரசர் கேட்கக் கடவர்

மேற்கே மலையும் கிழக்கே கடலும் நடுவில் ஏரிகளுமாகக் கொன்றை நாடு என்றொரு நாடு இருந்தது. கடல் வழியாக வெள்ளை வணிகர்கள் வந்தார்கள். மிளகு வாங்க வந்தவர்கள் நாட்டையே வாங்கிக்கொண்டார்கள். பிறகு என்ன தோன்றியதோ, ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். போகும்போது ஒரு சாசனத்தை விட்டுப் போனார்கள். அரசரைக் குடிமக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர் இன்னின்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. கொன்றை நாட்டார் அதைப் பட்டில் சுற்றிக் கண்ணாடிப் பேழையில் வைத்து, ஆண்டுக்கொருமுறை மாலை சாத்தினார்கள்.

அதை வாசித்துப் பொருள் சொல்லக்கூடியவள் அரண்மனையில் துபாஷி தையல்நாயகி ஒருத்திதான். குடிமக்கள் தமிழில் சொல்வதை அரசாங்கக் குறிப்புக்காக இங்கிலீஷில் எழுதுவது அவள் வேலை. அபரஞ்சி அரசியின் காலத்தில் இளம்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தாள். தலை நரைத்த பின்பும், தான் வாழ்ந்த காலம் எது என்று யாராவது விசாரித்தால், அரசியின் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திய காலத்தைத்தான் சொல்வாள்.

கத்த வேண்டியிருந்தது. அரசிக்கு இடக்காது முழுக்க அடைத்திருந்தது, வலக்காதும் பாதிதான். மாதந்தோறும் கேள்விச் சபை கூடும் நாளில் அவர் சிம்மாசனத்தைவிட்டு இறங்கி, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குறை சொல்ல வந்தவரின் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்துகொள்வார். கையைக் காதருகே குவித்துக்கொள்வார்.

"என்னது, எருமையைக் காணோமா, அருமையைக் காணோமா?"

"எருமைங்கம்மா!"

"தையலு, நீ சொல்லு."

தையல்நாயகி அந்த வலக்காதில் வாய் வைத்து, "எருமை!" என்று கூவுவாள். அதோடு விடுவாரா? எருமை எந்தப் பக்கம் போனது, கயிறு அறுந்திருந்ததா அவிழ்த்திருந்ததா, பக்கத்து வீட்டுக்காரரோடு ஏதாவது மனத்தாங்கலா என்று அரசி துருவிக்கொண்டே போவார். பதில் சொல்லச் சொல்ல வந்தவருக்கே தன் குறை என்னவென்று பிடிபடும். சிலர், "சரிங்கம்மா, நாங்களே பேசித் தீத்துக்கறோம்" என்று பாதியிலேயே எழுந்துவிடுவதும் உண்டு. சபை முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அரசி ஓர் அதிமதுரத் துண்டை எடுத்துத் தையல்நாயகியிடம் நீட்டி, "இதை வாயில அடக்கிக்கோ. நாளைக்கு வராதே, பேசாமப் படு" என்பார்.

அந்த அரசி ஒரு மழைக்காலத்தில் கண்ணை மூடினார். தேர்தல் வந்தது.

கீர்த்திவர்மர் என்பவர் நின்றார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அடுத்த அறையில் பல்லி நகர்ந்தால்கூடக் கேட்கும் என்று அவருடைய ஆட்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். சுவர்தோறும் அவருடைய காதை மட்டும் பெரிதாக வரைந்து, 'செவிட்டு ஆட்சி போதும்' என்று கீழே எழுதினார்கள். புதிய காற்று வரட்டும் என்று மக்களும் நினைத்தார்கள். அவர் அரசரானார்.

புதிய அரசரின் முதல் கேள்விச் சபைக்குப் பெருந்தாழை என்னும் ஊரிலிருந்து சடச்சி வந்தாள். பெருந்தாழை ஏரிக்குக் கீழே அவளுக்கும் அவள் புருஷன் கொம்பையாவுக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது.

"மகராசா, எங்க ஏரிக்கரை ஊறுதுங்க. மடைக்குப் பக்கத்துல சேறா கெடக்கு. கால வெச்சா பொதுக்குனு உள்ள போவுது. மழைக்கு முன்ன பாத்துட்டா நல்லதுங்க."

அரசர் சிம்மாசனத்தில் சாய்ந்து கண்களை மூடியிருந்தார். அவள் முடித்ததும் கண்ணைத் திறந்து, "கேட்டோம்" என்றார். காவலன் அடுத்தவரைக் கூப்பிட்டான். தையல்நாயகி அடுத்து ஒரு கேள்வி வரும் என்று எழுதுகோலைத் தூக்கிப் பிடித்தபடியே காத்திருந்தாள். கை வலித்ததும் இறக்கிக்கொண்டாள்.

அடுத்த சபைக்கும் சடச்சி வந்தாள். "கேட்டோம்" என்றார் அரசர். அதற்கடுத்த சபையில் அவள் நகர மறுத்துவிட்டாள்.

"கேட்டோம் கேட்டோம்னு சொல்றீங்களே சாமி, கேட்டு என்ன செஞ்சீங்க?"

சபை திடுக்கிட்டது. அரசர் சொல்லமைச்சர் பூவராகரைப் பார்த்தார். நாட்டில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தீர்மானிப்பது பூவராகரின் பொறுப்பு. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"குடிமகளின் வினாவில் ஒரு சட்டச் சிக்கல் பொதிந்திருக்கிறது, மாமன்னா. சாசனம் தங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று முதலில் நிச்சயிக்க வேண்டும். துபாஷியம்மா, வாசியுங்கள்."

பேழை திறக்கப்பட்டது. தையல்நாயகி பட்டை விலக்கி வாசித்தாள். "தி கிங் ஷேல் ஹியர் தி பீப்பிள். அரசர் குடிமக்களைக் கேட்கக் கடவர்."

"ஹியர் என்றுதானே இருக்கிறது? லிசன் என்று இல்லையே?"

"இல்லைங்க ஐயா."

"இரண்டுக்கும் வேறுபாடு உண்டோ?"

உண்டு என்று அவளுக்குத் தெரியும். எந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டாலும் உற்சாகம் வந்துவிடும் சுபாவம் அவளுக்கு. "தமிழ்ல ரெண்டுக்குமே கேட்கறதுன்னுதான் சொல்றோம். இங்கிலீஷ்காரங்க பிரிச்சுட்டாங்க. ஹியர்னா சத்தம் தானா வந்து காதுல விழறது. தூங்கறவன் காதுலயும் இடி விழும். லிசன்னா நாமளா மனசைத் திருப்பிக் கவனிக்கறது. அதுக்குப் பின்னால ஒரு 'டு' வேற போடணும். லிசன் டு. யார் பக்கம் திரும்பறோம்னு சொல்லாம அந்தச் சொல்லு நிக்காது. ஆனா ஐயா, நீதிபதி ஒரு வழக்கை ஹியர் பண்றார்னா, ரெண்டு பக்கமும் முழுசா விசாரிக்கிறார்னு அர்த்தம். சாசனத்துல இருக்கறது அந்த ஹியர்தான். எழுதினவங்க…"

"போதும்" என்றார் பூவராகர். "காதில் விழுவது. அவ்வளவுதான் கடமை. எழுதிக்கொள்ளுங்கள்."

காவலன் சடச்சியின் தோளைத் தொட்டு வெளியே அனுப்பினான்.

மறுவாரம் முரசறைந்தார்கள். குரல் காதில் விழுந்தாலே சாசனம் நிறைவேறிவிடுவதால், இனி அரசர் சபைக்கு வந்து அமர வேண்டியதில்லை. குறையுள்ளவர்கள் அரண்மனைப் பின்முற்றத்தில் கூடி, அரசர் பகலுணவு கொள்ளும் வேளையில், எல்லோரும் ஒரே சமயத்தில் சொல்லிவிட வேண்டும். சன்னல் திறந்திருக்கும்.

அப்படியே நடந்தது. எருமையும் வரப்பும் வரியும் மருந்தும் ஒன்றாகச் சேர்ந்து இரைச்சலாக எழுந்தன. அரசர் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "கேட்டோம்" என்றார். அந்தக் கூச்சலை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் தையல்நாயகி சன்னலோரம் நின்றாள். அந்த முற்றத்தில்தான் ஒருமுறை அபரஞ்சி அரசி ஓர் ஊமைப் பெண்ணோடு மணிக்கணக்காகக் கைச்சாடையில் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன குறை, என்ன தீர்ப்பு என்பது அவளுக்கு மறந்துவிட்டது. சிரிப்பு மட்டும் மறக்கவில்லை.

அடுத்த ஆணை பூவராகருக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியதாம். அரசர் ஹியர் செய்தால் போதும் என்றால், மிச்சமிருக்கும் லிசன் யாருடைய கடமை? குடிமக்களுடையது. ஞாயிறுதோறும் காலையில் தெருமுனைகளில் அரசரின் உரை ஒலிபெருக்கியில் வரும். எல்லோரும் தரையில் அமர்ந்து கவனிக்க வேண்டும். மனம் திரும்பியிருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லும் மேற்பார்வையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். கொட்டாவி விட்டவருக்குத் தண்டனை, உரையை முதலிலிருந்து மறுபடி கேட்பது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருந்தாழை ஊரே நனைந்த சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கியின் முன்னால் உட்கார்ந்திருந்தது. அரசர் ஏரிகளின் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சடச்சிக்கு அந்தக் குரலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. எழுந்தாள்.

"உக்காரு. உரை முடியலை" என்றார் மேற்பார்வையாளர்.

"கரையில என்னமோ சத்தம் வருதுய்யா."

"உரை முடியட்டும்."

கொம்பையா அதற்குமேல் பொறுக்கவில்லை. மாடுகளை அவிழ்த்துவிடத் தொழுவத்துப் பக்கம் ஓடினான். தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் வந்தது.

தலைநகரில் பூவராகர் அறிக்கை வாசித்தார். "பெருந்தாழை ஏரி உடைந்த பேரொலி அரண்மனை வரை எட்டியது. மாமன்னர் அதைத் தெளிவாகக் கேட்டார். சாசனக் கடமை குறைவின்றி நிறைவேறியது."

தையல்நாயகி அதை இங்கிலீஷில் எழுதினாள். 'கேட்டார்' என்பதற்கு ஹெர்ட் என்று எழுதி முடித்ததும் எழுதுகோலை மேசையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பெருந்தாழைக்கு வண்டி ஏறினாள்.

சடச்சி மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மற்றவர்களோடு இருந்தாள். தையல்நாயகியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"ராசா பக்கத்துல ஒக்காந்து எழுதிக்கிட்டு இருந்தீங்களே, நீங்கதானே?"

"ஆமா."

"நான் சொன்னது ஒங்களுக்காச்சும் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுது."

தையல்நாயகி அவள் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். இரண்டு மொழியிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. கொம்பையா எப்படிப்பட்டவர் என்று மட்டும் விசாரித்தாள். சடச்சி சொல்ல ஆரம்பித்தாள். பொழுது இருட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். தையல்நாயகி அந்த ஊரிலேயே தங்கிவிட்டாள்.

தேர்தல் நெருங்கியபோது மாதவராயர் என்பவர் அவளைத் தேடி அங்கே வந்தார். அடக்கமான மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"அம்மா, ஹியருக்கும் லிசனுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றைக்கு நீங்கள் சபையில் சொன்னீர்களாம். அதை ஊர் ஊராக வந்து சொல்ல வேண்டும். நான் வந்தால் சாசனத்தையே திருத்துவேன். ஹியரை எடுத்துவிட்டு லிசனை வைப்பேன்."

தையல்நாயகி சடச்சியின் முகத்தைப் பார்த்தாள். "போய்ச் சொல்லுங்கம்மா. எவனாச்சும் கவனிக்கட்டும்" என்றாள் சடச்சி.

தையல்நாயகி ஊர் ஊராகப் போனாள். சந்தையிலும் களத்துமேட்டிலும் நின்று, காதில் விழுவது வேறு, காது கொடுப்பது வேறு என்று எடுத்துச் சொன்னாள். கடைசியில் எப்போதும் அபரஞ்சி அரசியிடம் போய் முடிப்பாள். முக்காலியைச் சொல்லும்போதே கையைக் காதருகே குவித்துக் காட்டுவாள். அரசிக்கு ஹியர் வராது, லிசன் மட்டும்தான் வரும் என்று அவள் சொன்னால் வயதானவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 'ஹியர் போதாது, லிசன் வேண்டும்' என்ற முழக்கம் இங்கிலீஷ் தெரியாதவர் வாயிலெல்லாம் புரண்டது. கீர்த்திவர்மர் தோற்றார். மாதவராயர் அரசரானார்.

சாசனத் திருத்தத்துக்குத் தையல்நாயகியை அழைத்திருந்தார்கள். புதிய சொல்லமைச்சரின் அறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசைக்குப் பின்னால் பூவராகர் உட்கார்ந்திருந்தார்.

"வியப்பு எதற்கு, துபாஷியம்மா? ஆட்சி மாறும். அனுபவம் மாறாது. என் மனசாட்சி தேர்தலுக்கு முந்தின வாரமே விழித்துக்கொண்டது. இதைப் பாருங்கள்."

தாளில், 'தி கிங் ஷேல் லிசன்' என்று எழுதியிருந்தது. அங்கேயே முற்றுப்புள்ளி.

"ஐயா, இது பாதியில நிக்குதே. லிசன் டு தி பீப்பிள்னு வரணும். யாரைக் கவனிக்கறார்னு சொல்லணும்ல?"

"எதற்கு? மக்களை மட்டும் என்று எழுதினால் அரசரின் கவனத்துக்கு வேலி போட்டதாகாதா? நம் அரசர் எல்லாவற்றையும் கவனிப்பார்."

வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. அவள் மறுத்துச் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

மாதவராயர் சொன்ன சொல் தவறவில்லை. கவனிக்கத் தொடங்கினார். ஊருக்குச் சிலர் என்று செவியர்கள் நியமிக்கப்பட்டார்கள். டீக்கடை பெஞ்சிலும் கிணற்றடியிலும் பேருந்தின் பின்னிருக்கையிலும் அமர்ந்து எல்லாவற்றையும் கவனித்துத் தலைநகருக்கு அனுப்புவது அவர்கள் வேலை. வீட்டுக்குள் பேசுவதும் பேச்சுத்தானே என்று பூவராகர் அடுத்து ஓர் ஆணை போட்டார். சுவர்களில் துளை போடப்பட்டது. துளை போடும் கூலி வீட்டுக்காரரின் தலையில் விழுந்தது. கனவில் உளறுவோருக்குத் தனிப் பிரிவு திறந்தார்கள்.

"ஓட்டுக் கேட்டு வந்தவரு இப்ப ஒட்டுக் கேக்குறாரு" என்று சந்தையில் ஒரு வெற்றிலைக்காரர் சொன்னார். மறுநாள் அவருடைய கடை திறக்கவில்லை.

ஊர் மெல்ல மெல்ல வாயை மூடிக்கொண்டது. கல்யாண வீடுகளில்கூட நாதஸ்வரம் மட்டும்தான் பேசியது. முன்பெல்லாம் எத்தனை கத்தினாலும் ஏறாத அரண்மனையின் காதில் இப்போது முணுமுணுப்பெல்லாம் ஏறியது. ஆனால் பெருந்தாழை ஏரிக்கரை உடைந்தது உடைந்தபடியே கிடந்தது.

ஒருநாள் சடச்சிக்கு அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது. கரை விஷயமாகத்தான் இருக்கும் என்று அவள் நல்ல சேலையை எடுத்து உடுத்திக்கொண்டாள். தையல்நாயகியும் துணைக்குப் போனாள்.

மாதவராயர் கனிவோடு பேசினார். "வாம்மா. உன்னைப் பற்றி எல்லாம் கவனித்திருக்கிறோம். கிணற்றடியில் கரையைப் பற்றிப் பேசினாய். ஆட்டுக்குட்டியிடம் பேசினாய். உன் கணவர் இறந்து ஆண்டு திரும்பிய நாளன்று இரவெல்லாம் அழுதாய். அப்போது நம்மைப் பற்றி ஒரு சொல் சொன்னாய். அதையும் கவனித்தோம். தவறாக எடுத்துக்கொள்ளவில்லை."

சடச்சி கும்பிட்டாள். "எல்லாந் தெரிஞ்சிருக்கு சாமி. அப்ப கரைய எப்பக் கட்டுவீங்க?"

அரசரின் முகம் மாறியது. பூவராகரின் பக்கம் சாய்ந்தார். "இந்தப் பெண் என்ன செய்கிறாள்?"

"கேட்கிறாள், மாமன்னா."

"கேட்கலாமா?"

"கூடாது. கேட்கக் கடவர் அரசர் ஒருவரே என்று சாசனம் சொல்கிறது. தமிழில் கவனிப்பதும் கேட்பதுதான், வினவுவதும் கேட்பதுதான். ஆகவே வினவும் உரிமையும் தங்களுக்கே உரியது. குடிமகள் அரசரின் வினைச்சொல்லைத் திருடியிருக்கிறாள்."

தையல்நாயகி முன்னால் வந்தாள். "ஐயா, அரசி இருந்தப்ப…"

"எந்த அரசி?" என்றார் பூவராகர். அபரஞ்சி அரசியிடமும் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர்.

முதல் குற்றம் என்பதால் சடச்சியை எச்சரித்து அனுப்பினார்கள். அன்று மாலையே முரசறைந்தார்கள். கொன்றை நாட்டில் இனி அரசர் தவிர யாரும் எதையும் கேட்கக் கூடாது.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. வண்டியின் பின்னிருக்கையில் செவியர் ஒருவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். தையல்நாயகி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் ஊராகப் போய்த் தான் விளக்கிய அந்தச் சொல்லின்மேல் இப்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. சொல் என்ன செய்யும்? அரசிக்கு இரண்டு சொல்லுமே தெரியாது. முக்காலியை இழுத்துப் போடத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சடச்சி ஒரு மண்கூடையோடு வீட்டைவிட்டு இறங்கினாள். தையல்நாயகி என்னவென்று விசாரிக்காமல் இன்னொரு கூடையை எடுத்துக்கொண்டாள். உடைப்பின் ஓரத்தில் சடச்சி முதல் கூடையைக் கொட்டினாள். வழியில் பார்த்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய் மண்வெட்டியோடு வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வரப்போரம் உட்கார்ந்திருந்த செவியர்களுக்கு மண் விழும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அது பாராட்டா வசையா என்று புரியாமல், 'தொப், தொப்' என்றே எழுதித் தலைநகருக்கு அனுப்பினார்கள்.

கரை இடுப்பளவு எழும்பியபோது அரண்மனை வண்டி வந்து நின்றது. பூவராகர் சேற்றில் இறங்க மனமில்லாமல் படியில் நின்றபடி கூவினார்.

"என்ன நடக்கிறது இங்கே? மாமன்னர் கவலைப்படுகிறார். யாரும் ஒன்றும் பேசவில்லையாம். எல்லோருமாகச் சேர்ந்து என்ன செய்கிறீர்கள்? துபாஷியம்மா, நீங்களாவது சொல்லுங்கள். மன்னரே கேட்கிறார்!"

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். உடம்பெல்லாம் மண். கேட்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இன்னும் சட்டம் வரவில்லை. மேற்கே மலைமேல் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. சடச்சி கையை நீட்டினாள். தையல்நாயகி நிறைந்த கூடையைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததை வாங்கத் திரும்பினாள்.